எறும்பு தின்ற பட்டன்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

லெப்டொப்புக்குள் எறும்பு. உம்மா தொதல் இனிப்பு வைத்த தட்டை அதன்மேல் வைத்துவிட்டு போன் எடுக்கப் போனாராம். "மூடித்தானே வெச்சேன்" என்கிறார். மூடியது தட்டையா லெப்டொப்பையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை.

எறும்புகள் போய்விட்டன. கூடவே ஒரு பட்டனும் போய்விட்டது. கமா பட்டன். கமா போனால் போகட்டும், அதே பட்டனில்தான் இந்த அம்புக்குறியும் இருக்கிறது: < . இணையப்பக்கத்தில் ஒவ்வொரு தலைப்பும் ஒவ்வொரு பந்தியும் இதில்தான் திறக்கும், இதில்தான் மூடும். இணையப்பக்கம் எழுதுவதுதான் என் வேலை.

அதுவும் இன்னும் என் வேலை இல்லை. வீட்டிலிருந்தபடி நான் வேலை செய்யும் கண்டிக் கம்பனி செப்டம்பர் முடியும்போதுதான் நிரந்தரமாக்குவதா இல்லையா என்று சொல்லும். இல்லையென்றால் தம்புள்ளைச் சந்தையில் வாப்பாவின் கடையில் பில் எழுத வேண்டும். நான் உட்காரவென்று சிவப்பு பிளாஸ்டிக் கதிரை ஒன்றை ஏற்கெனவே வாங்கிப் போட்டிருக்கிறார். "நல்ல காத்தோட்டமான எடம் மகள்" என்கிறார். வெங்காயக் காற்று.

ஓகஸ்ட் 7, வியாழன்

மாத்தளை டவுனில் நோபர்ட் அண்ணாவின் ரிப்பேர் கடைக்குப் போனேன். "கீபோர்டையே மாத்தணும் தங்கச்சி. இந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறதில்ல. கொழும்புல தேடிப் பார்க்கிறேன்" என்றார். கூடப்பிறந்த றிஸ்கான் நாநா கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன லெப்டொப், மொடல் பழசாகாமல் என்ன செய்யும்?

வெளியே ஒரு கீபோர்ட் செருகலாம். ஆனால் உயிரோடிருக்கிற ஒரே துளையில் இன்டர்நெட் டொங்கல் இருக்கிறது. கீபோர்டா இன்டர்நெட்டா என்று நான்தான் முடிவெடுக்க வேண்டும்.

கம்பனியில் என் பொறுப்பாளர் ஜெராட் சேரிடம் சொல்ல ஏலாது. வேலைக்குச் சேரும்போது "நல்ல நிலையிலுள்ள சொந்த லெப்டொப்" என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். இன்று முழுவதும் அந்த அம்புக்குறியைக் கொப்பி பண்ணி ஒட்டி ஒட்டியே வேலை செய்தேன். "என்ன நிஷ்மியா, ஸ்லோவா போகுதே" என்று கேட்டுவிட்டார்.

ஓகஸ்ட் 11, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! சுருக்கமாக எழுதுகிற ஒரு முறை இருக்கிறது. அம்புக்குறியே வேண்டாம். தலைப்பு, பந்தி என்று பெயரை மட்டும் எழுதினால் போதும். ஒன்றுக்குள் இன்னொன்று வரவேண்டுமென்றால் அடுத்த வரியில் இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளி எழுத வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்து மெஷினே அம்பு போட்டுக்கொள்ளும், மூடியும் கொள்ளும்.

ஸ்பேஸ் பட்டன் நன்றாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

ஜெராட் சேர் என் பக்கங்களைப் பார்த்தார். "எவ்வளவு சுத்தமா இருக்கு! ஏன் இந்த முறைய தெரிவு செஞ்சீங்க?" என்று கேட்டார். வாசிக்க லேசு சேர், என்றேன். பொய் இல்லை. "உங்க மெசேஜும் அப்படித்தான். ஒரு கமா இல்ல. நறுக்குனு எழுதுறீங்க."

கையால் எழுதுகிற இந்தக் கொப்பியில் மட்டும்தான், இப்போதெல்லாம், நான் கமா போடுகிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நாசமாய்ப் போச்சு. கம்பனி முழுக்க இனி இந்த முறைதானாம். நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். எங்களுக்குள் மூத்தவர் பிரவீனா அக்கா. "பத்து வருசமா அம்பெல்லாம் கையாலயே போடுறேன். இப்ப நீங்க எனக்கு ஸ்பேஸ் அடிக்கச் சொல்லித் தாறீங்களா?" என்றார். எல்லார் முன்னாலும். நான் ஸ்பேஸ் அடிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ஹோட்டல் ஒன்றின் இணையப்பக்கம் நான் செய்தது. ஒரு வாரமாக ஒரு போன் கோல்கூட வரவில்லை என்று முதலாளி கத்தியிருக்கிறார். எப்படி வரும்? ஓர் இடத்தில் நான் இரண்டு ஸ்பேஸ் கூடத் தள்ளிவிட்டேன். போன் நம்பர் போய் நீச்சல் தடாகத்துக்கான பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெட்டியைத் திறப்பவர்களுக்கு மட்டும்தான் நம்பர் தெரியும். நாலந்தாவுக்கு வருகிற யாருக்கும் நீச்சல் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

பிழையைக் கண்டுபிடித்தது பிரவீனா அக்கா. எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கலாம். எனக்கு மட்டும் கோல் எடுத்தார். "திருத்திட்டேன். ஒன்னு சொல்லுங்க. இந்தக் கருமத்த ஏன் புடிச்சிக்கிட்டுத் தொங்குறீங்க?"

சொல்லிவிட்டேன். எறும்பு, தொதல், கையெழுத்து, எல்லாம்.

"அப்போ நான் ராவும் பகலும் பழைய பக்கத்த எல்லாம் மாத்திக்கிட்டிருக்கிறது ஒரு தட்டு தொதலுக்காகவா?"

"ஓம் அக்கா."

போனை வைத்துவிட்டார். பயமாக இருக்கிறது. ஏன்டி வாயைத் திறந்தாய்?

செப்டம்பர் 12, வெள்ளி

பிரவீனா அக்கா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் குட் மோர்னிங்கும் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

வாப்பா சாப்பிடும்போது, "கதிரையில ஒருத்தரையும் குந்த விடல்ல" என்றார். பாதிச் சோற்றோடு எழும்பிப் போய் லெப்டொப்பைத் திறந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வீடியோவில் கூட்டம். ஜெராட் சேர் ஆரம்பித்தார். "கொழும்பு ஒபிஸ்ல கேக்கிறாங்க நிஷ்மியா. இந்த முறைக்குப் பின்னால உங்க சிந்தனை என்ன?"

நல்ல பதில் ஒன்று பாடமாக்கி வைத்திருந்தேன். ஆனால் திரையில் பிரவீனா அக்காவின் முகம். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, சும்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் பாடம் ஒப்பிக்க வரவில்லை.

"என்ட கீபோர்ட்ல அந்த பட்டன் வேலை செய்யல்ல சேர். எறும்பு."

ஜெராட் சேர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாக, "நான் கொழும்புக்கு ரிப்போட் அனுப்பிட்டேனே. உங்க எளிமைய பத்தியே ஒரு பக்கம் எழுதியிருக்கேன்" என்றார். பிரவீனா அக்கா கெமராவை அணைத்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அப்படியொரு சிரிப்பை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

சிரிப்பு ஓயும்வரை சேர் காத்திருந்தார். "உங்கள அனுப்பிட்டா அந்த ரிப்போட்ட யார் வெளங்கப்படுத்துறது? நாளையிலிருந்து நிரந்தரம். எறும்பு கதைய இதோட விடுங்க."

அழுதுவிட்டேன். உம்மா ஓடிவந்தார், கையில் தொதல். தூரத்தில் வைக்கச் சொன்னேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

நோபர்ட் அண்ணா கீபோர்டை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆசை தீரக் கமா போட்டு ஜெராட் சேருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "ரொம்ப நீட்டுறீங்களே, ஒடம்புக்கு சொகமில்லையா?" என்று பதில் வந்தது. இனி பழையபடி எழுதலாமே என்று பிரவீனா அக்காவிடம் சொன்னேன். ஏலாதாம். கை பழகிவிட்டதாம்.

வாப்பா தம்புள்ளையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "கதிரையில வெங்காயத்த வெச்சிட்டேன் மகள்" என்றார்.

"எந்தக் கதிரை?"

"ஒண்ட கதிரைதான். சும்மா கெடந்திச்சி." என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல கதிரை. முழு மூட்டை வெச்சும் கால் வளையல்ல."

ஜெயித்தது நான்தான். ஆனாலும் அந்தக் கதிரை வாப்பா எனக்கென்று வாங்கியது. சனிக்கிழமை எனக்கு லீவு. தம்புள்ளைக்குப் போய் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு வருவேன். மூட்டையை இறக்கி வைக்கச் சொல்ல வேண்டும்.