கண்ணாடியில் படிந்த சாம்பல்

என் அன்பு மனைவிக்கு,

எழுத்துகள் கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இது முழுக்க நானே எழுதியது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே பாய்லருக்குள் நெருப்பு வீசும் வெப்பத்தை அளக்கிறோம். நிலக்கரியோடு உமி கலந்து எரித்த அன்று, அளவை நானே எழுதிக் குறிக்கும் பெருமையில், கருவியின் கண்ணாடியில் படிந்த சாம்பலைத் துடைக்க மறந்துவிட்டேன். வெப்பம் குறைவாகக் காட்டியது. உமியே வேண்டாமென்று மேலதிகாரிகள் முடிவெடுக்கப் போனார்கள். உமி இறக்குகிறவர்களின் பிழைப்பு போய்விடுமே என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“எழுதக் கத்துக்கிட்டீங்க பெரியவரே, துடைக்க மறந்துட்டீங்களே” என்று இன்ஜினியர் சிரித்தார். மறுபடி அளக்க நான் இருந்தாக வேண்டும். ஊருக்கு வரக் கேட்டிருந்த விடுப்பு போயிற்று. இந்த மாதமும் உன்னை ஏமாற்றிவிட்டேன்.

கண்ணாடி துடைக்க உன் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. இங்குள்ள துணியெல்லாம் முரடு. அடுத்த வாரம் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். யாரையும் கூப்பிடாமல் நீயே எழுத்துக்கூட்டிப் படி.