மூடாத குழி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று தொடங்க வழியில்லை. நீயும் மாமாவும் அம்மாவும் நன்றாக இருந்தால் போதும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காரணத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதுவரை போனைத் தொடாதே. இதை அம்மா முன்னால் படிக்காதே.

என் வேலை என்னவென்று உனக்கு இன்னும் பிடிபடவில்லை, மண்ணைத் தோண்ட எதற்கடா இத்தனை படிப்பு என்று கேட்டவள்தானே நீ. சுரங்கம் வரப்போகிற இடத்தில் பழங்காலத்துச் சின்னம் ஏதும் புதைந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆள் இறங்கும் அளவுக்குச் சோதனைக் குழிகள் வெட்டி, மண்ணைச் சலிப்போம். ஒன்றுமில்லை என்று நான் கையெழுத்துப் போட்டால் இயந்திரம் இறங்கும். அப்புறம் அங்கே பெரும்பள்ளம்தான். தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

செவ்வாய்க்கிழமை, ஓடை ஓரத்துக் குழியில் மண் சரியில்லை. தொடாத மண் அடுக்கடுக்காக நிறம் மாறும். இது கலங்கிக் கிடந்தது. யாரோ ஏற்கெனவே வெட்டி மூடியிருக்கிறார்கள். என்னோடு தோண்டுகிறவரை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள், எதற்கெடுத்தாலும் வாதாடுவார். எலி தோண்டியிருக்கும் என்றார். எலி இவ்வளவு நேராகச் சதுரம் வெட்டுமா என்றேன். படித்த எலியாக இருக்கும் என்றார். சிரித்துக்கொண்டேதான் தோண்டினோம்.

இடுப்பளவு ஆழத்தில் நீல பிளாஸ்டிக் ஷீட் வந்தது. நான்கு மூலையிலும் கல், நடுவில் ஒரு நாணயம். அக்கா, அது எங்கள் தொழில் வழக்கம். குழியை மூடும்போது அடியில் ஷீட் விரித்து அந்த வருடத்து நாணயம் ஒன்றைப் போடுவோம். பின்னால் தோண்டுகிறவனுக்கு, இதுவரை நான் பார்த்துவிட்டேன் என்று சொல்கிற அடையாளம். நாணயத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஆண்டு. ஆனால் இந்த நிலத்தில் இதுவரை யாரும் ஆய்வு செய்ததில்லை என்று சுரங்கக் கம்பெனி எழுதியே கொடுத்திருக்கிறது.

ஷீட்டைத் தூக்கினேன். கீழே மனித எலும்பு. முதலில் சந்தோஷப்பட்டேன், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. பழைய புதைகுழி என்று நினைத்துவிட்டேன். கொத்துக்கரண்டியால் மெதுவாகச் சுரண்டியபோது சட்டைப் பொத்தான் வந்தது. பிறகு பேன்ட் ஜிப். இரண்டு கை மணிக்கட்டு எலும்புகளையும் சேர்த்துச் சுற்றி நைலான் கயிறு. முடிச்சு அவிழாமல் இருந்தது.

அங்கேதான் நான் மடத்தனம் செய்தேன். பொறுமை எனக்குத்தான் கிடையாதே. வாக்கி டாக்கியை எடுத்து, மனித எலும்பு கிடைத்திருக்கிறது, பழசு இல்லை, கை கட்டியிருக்கிறது, போலீஸைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். அது பொது அலைவரிசை. வாசல் காவலாளி முதல் லாரிக்காரர் வரை எல்லோரும் கேட்டார்கள். வக்கீல் மேலே ஏறி, கையைத் தட்டிக்கொண்டு, "சார், நான் இன்னைக்கு வேலைக்கே வரல, சரியா?" என்றார். மறுநாள் உண்மையிலேயே வரவில்லை.

சாயங்காலம் தள மேலாளர் என் அறைக்கு வந்தார். இரண்டு டம்ளர் டீ அவரே கொண்டுவந்தார். என் படிப்பைக் கேட்டார், அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டார். முழங்கால் வலியை நான் அவரிடம் சொன்னதே இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்க வேலை பழசைப் பாக்குறது. இது பழசு இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் என்ன? பழசு எதுவும் இல்லைன்னு எழுதிக் குடுங்க. அது உண்மைதானே?"

சனிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். அன்றிலிருந்து என் ஜீப் ரிப்பேர். என் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி, அதில் எப்போதும் ஒரு ஆள். என் பாதுகாப்புக்கு என்கிறார்கள். குளியலறைக்குப் போனாலும் எழுந்து பின்னால் வருகிறான். உள்ளூர் போலீஸ் வண்டி கம்பெனி ஷெட்டில்தான் நிற்கிறது, டீசலும் அங்கேதான் போடுகிறார்கள்.

பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் நாற்காலிக்காரனைவிட, ஷீட் விரித்தவனை நினைத்தால்தான் பயம் கூடுகிறது. என்னை மாதிரி படித்தவன். கயிற்றைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, நான்கு மூலையிலும் அளவாகக் கல் வைத்து, மண்ணைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். அவனுக்கும் முழங்கால் வலிக்கிற அம்மா இருந்திருப்பாள்.

நான் குழியை மூடவில்லை. கையெழுத்தும் போடப்போவதில்லை.

இந்தக் கடிதத்தைத் தண்ணீர் லாரிக்காரர் கொண்டுபோகிறார். வாடகை வண்டிக்காரர், கம்பெனி ஆள் இல்லை. டவுனில் கூரியரில் போட்டுவிடுவார். உள்ளே இருக்கும் மெமரி கார்டில் அன்று குழியில் நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. நீ பார்க்காதே. மாமா அதைத் தலைநகரத்துப் போலீஸ் தலைமை அலுவலகத்தில் நேரில் கொடுக்கட்டும், வேறு எங்கேயும் வேண்டாம். அம்மாவைக் கொஞ்ச நாள் சித்தி வீட்டில் விட்டுவிடு. ஃபேனுக்கு அடியில் படுக்கச் சொல்லாதே, அவளுக்குச் சளி பிடிக்கும்.

இனி காரணம். நான் போன் செய்தால் நீ எடுப்பாய். எடுத்தால், "பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வந்துருடா" என்பாய். நீ சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? நீ சொன்னால் நான் போட்டுவிட்டு வந்துவிடுவேன். உன் சொல்லைத் தட்டும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. அதனால் சனிக்கிழமை முடியும்வரை என்னைக் கூப்பிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்து வை. ஒன்றுவிடாமல், உன் எதிரில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும் எனக்கு.

உன் தம்பி