யார் முதலில் கேட்பது

ரோஸ்டாக்,
24 செப்டம்பர் 2018

அன்புள்ள திரு. ஃபோல்மர்,

கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரமாகிவிட்டது. என் சமையலறைத் தரை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்றுக் காலை காபிக் கோப்பை சரிந்துவிடாமல் இருக்கக் கையை அணைகொடுத்து உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "என்னடி, விடிஞ்சதும் விடியாததுமா குடிச்சிருக்கியா?" என்று கேட்டாள். அவளிடம் என்னவென்று சொல்வது?

முகவரி கேட்டீர்களே, கடிதம் வரும் என்று ஏழு நாள் காத்திருந்தேன். பொறுமை போய்விட்டது. அதனால் நானே எழுதுகிறேன்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். கெய்ராங்கரில் அந்த அருவிக்கு எதிரே எடுத்தது. மஞ்சள் மழைச்சட்டையில் நாம் இருவரும் நம் ஊர் மஞ்சள் தபால்பெட்டிகள் இரண்டு மாதிரி நிற்கிறோம். நீங்கள் கட்டை விரலை நீட்டி அருவியின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறீர்கள். நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆயிற்று என்றீர்கள். விரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை போலிருக்கிறது.

எங்கள் டிப்போவில் போன வாரம் பழைய ஆட்களைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டியவள், ஓய்வு பெற்றதும் கப்பல் ஏறி நார்வேக்குப் போனாள், பெர்கனில் இறங்கியதும் நேராகப் போய் டிராமில் உட்கார்ந்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மழையில் கடைசி நிறுத்தம் வரை போய், நான் அந்த ஓட்டுநர் பிரேக் போடுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கூடவே வந்தீர்கள். அதை யாரும் எனக்காகச் செய்ததில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒரு குறை. கப்பலில் நம்மோடு ஒரே மேசையில் சாப்பிட்ட மான்ஃப்ரெட் முதல் நாள் சூப் வருவதற்குள்ளேயே எல்லாரையும் "நீ, வா, போ" என்று ஆரம்பித்துவிட்டார். விடிகாலையில் எழுந்து பத்து சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மனிதர், அவருக்கு என்ன கூச்சம். நாம் இரண்டு பேர் மட்டும் பத்து நாளும் நீங்கள், நீங்கள் என்றே ஓட்டிவிட்டோம். வெண்ணெயை நகர்த்தச் சொல்வதற்குக்கூட எவ்வளவு மரியாதை.

அன்புடன்,
ரோஸ்வித்தா ஹின்ரிக்ஸ்


காஸல்,
3 அக்டோபர் 2018

அன்புள்ள திருமதி ஹின்ரிக்ஸ்,

நான் நான்கு கடிதம் எழுதி நான்கையும் கிழித்தேன். ஐந்தாவதை எழுத உட்கார்ந்தபோது உங்களுடையது வந்தது. மன்னிக்கவும். இன்று விடுமுறை நாள், எனவே இது நாளைதான் தபாலில் சேரும்.

படத்தைப் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். அருவி நான் சொன்னதைவிடப் பதினெட்டு மீட்டர் அதிகம். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். விரலும் ஓய்வு பெற்றுவிட்டது போலிருக்கிறது.

டிராமில் கூட வந்ததற்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது தியாகம் ஒன்றும் இல்லை. ஒருத்தர் தன் வேலையைப் பற்றி இவ்வளவு ஆசையாகத் திட்டி நான் கேட்டதில்லை.

ஒரு செய்தி. அதே கப்பல் வருகிற ஜூன் 11-ஆம் தேதி வடமுனைக்குப் போகிறதாம். பன்னிரண்டு இரவு, சூரியனே மறையாதாம். ஜனவரி 15-க்குள் படிவம் அனுப்ப வேண்டும். தனி ஆள் அறைகள் இரண்டுதான் மிச்சம் இருக்கின்றன. உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எடுத்து வைக்கச் சொல்லட்டுமா? நீங்கள் வந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் நான்கு தாள் வீணாயிற்று.

மரியாதையுடன்,
எக்கார்ட் ஃபோல்மர்


ரோஸ்டாக்,
14 அக்டோபர் 2018

அன்புள்ள திரு. ஃபோல்மர்,

வருகிறேன். இதற்கு யோசிக்க வேறு வேண்டுமா?

ஆனால் அந்தத் தனி அறைகள் வேண்டாம். ஜன்னல் கிடையாது, கீழே இயந்திரம் உறுமும். நான் பத்து நாள் அதில்தான் படுத்திருந்தேன். மறையாத சூரியனைப் பார்க்கப் போய் இருட்டுப் பெட்டிக்குள் எதற்குப் படுக்க வேண்டும்? ஜன்னல் வைத்த அறையில் இரண்டு கட்டில் இருக்கிறது. எனக்கு அறுபத்தாறு, உங்களுக்கு எழுபது. இனிமேல் நாம் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எழுதிவிட்டேன். காது சூடாகிவிட்டது, ஆனாலும் எழுதியதை அடித்துத் திருத்தமாட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. "நீங்கள்" என்று சொல்கிற ஆணோடு ஒரே அறையில் என்னால் படுக்க முடியாது. "நீங்கள் குறட்டை விடுகிறீர்கள்" என்று அவ்வளவு மரியாதையாக எப்படிச் சொல்வது? மூத்தவர்தான் முதலில் "நீ என்றே பேசலாமா" என்று கேட்க வேண்டும், இளையவர் முந்திக்கொள்ளக் கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். நீங்கள் நான்கு வயது மூத்தவர். பத்து நாள் காத்திருந்தேன். கடைசி மாலை என் கோப்பையில் ஒயின் ஊற்றிவிட்டு என்னையே பார்த்தீர்கள். இதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கடலின் ஆழத்தைப் பற்றிப் பேசினீர்கள்.

இன்னும் காத்திருக்கிறேன்.

உங்கள்
ரோஸ்வித்தா


காஸல்,
28 அக்டோபர் 2018

அன்புள்ள ரோஸ்வித்தா அவர்களுக்கு,

எங்கள் வீட்டில் பெண்தான் முதலில் கேட்க வேண்டும், ஆண் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் நானும் பத்து நாள் காத்திருந்தேன். இரண்டு வீட்டு நல்ல வளர்ப்பும் சேர்ந்து நம்மை முட்டாளாக்கிவிட்டது.

இது பாதி உண்மை. மீதியையும் எழுத வேண்டும்.

முதல் நாள் மான்ஃப்ரெட் என்னிடம், "என்னப்பா, வீட்டம்மா வரலையா?" என்று கேட்டார். "தனியாத்தான் வந்திருக்கேன்" என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். நீங்கள் ரொட்டிக் கூடையை என் பக்கம் தள்ளி வைத்தீர்கள். மனைவியை இழந்தவன் என்று மேசை முழுவதும் நினைத்துக்கொண்டது. நான் திருத்தவில்லை.

என் மனைவி அல்முட் உயிரோடு இருக்கிறாள். மூன்று வருஷமாக மறதி நோயாளிகளுக்கான இல்லத்தில் இருக்கிறாள். ஓய்வு பெற்றதும் அந்தக் கப்பலில் போவது என்று நாங்கள் இரண்டு பேரும்தான் திட்டம் போட்டிருந்தோம். அவளால் முடியாமல் போயிற்று. பிறகு ஒருநாள் நான் மட்டும் போனேன்.

பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். இன்றும் நாற்காலியில் முதுகு வளையாமல் உட்காருவாள். நாற்பத்து மூன்று வருஷம் என்னை "நீ" என்று கூப்பிட்டவள், இந்த வசந்தத்திலிருந்து "நீங்க" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போய்க் கேக் அறுத்துக் கொடுப்பேன். போன வாரம், "நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்க. உங்க சம்சாரம் குடுத்து வெச்சவங்க" என்றாள்.

அந்தக் கடைசி மாலை சொல் வாய்வரை வந்தது. இன்னொருத்தர் என்னை "நீ" என்று கூப்பிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டதாலேயே பயந்துபோய்க் கடலின் ஆழத்தைச் சொன்னேன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் வரவில்லை என்றால் எனக்குப் புரியும்.

எக்கார்ட் ஃபோல்மர்


ரோஸ்டாக்,
4 நவம்பர் 2018

திரு. ஃபோல்மர் அவர்களுக்கு,

எண்பத்தொன்பதில் கிழக்கு, மேற்கு ஜெர்மனி எல்லை திறந்த கையோடு என் கணவர் ஹாம்பர்குக்குப் போனார். கூடவே எங்கள் டிப்போவில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஒருத்தி போனாள். அது ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்ததாம். கேன்டீனில் சூப் ஊற்றுகிற அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது.

உங்கள் மனைவியின் நோய்க்கு நான் வருந்துகிறேன், மனதாரவே. அவர்கள் உயிரோடு இருப்பது எனக்குக் குற்றமாகப் படவில்லை. பத்து நாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு என்னிடம் மறைத்தீர்கள், அதுதான். அறை பற்றி அவ்வளவு வெட்கமில்லாமல் எழுத வைத்தீர்கள். மறுபடியும் எதுவும் தெரியாத ஒருத்தியாக என்னை உட்கார வைத்துவிட்டீர்கள்.

கப்பல் வேண்டாம். படிவத்தில் என் பெயரை எழுத வேண்டாம்.

ரோ. ஹின்ரிக்ஸ்


காஸல்,
9 டிசம்பர் 2018

அன்புள்ள திருமதி ஹின்ரிக்ஸ்,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. நீங்கள் சொன்னது சரி. மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் கணவர் கதை தெரிந்திருந்தாலும் சொல்லாமல்தான் இருந்திருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த பதில் கிடைக்கவில்லை.

இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பரிலிருந்தே ஞாயிறுதோறும் அல்முட்டிடம் கப்பல் கதையைச் சொல்லி வருகிறேன். அவளுக்கு நான் யாரோ ஒரு விருந்தாளி, ஆனால் கதை பிடிக்கும். பெர்கன் டிராம் கதையை ஆறு முறை கேட்டுவிட்டாள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரித்தாள். உங்கள் கடிதங்களையும் படித்துக் காட்டினேன். உங்கள் அனுமதி இல்லாமல் செய்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. அறை பற்றிய பத்தியை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

எதுவும் நிற்காத மனதில் இது எப்படியோ நின்றிருக்கிறது. இன்று நான் கோட்டைக் கழற்றுவதற்குள், "அந்த டிராம்காரம்மா கடுதாசி போடலையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"நீங்க ஏதாச்சும் வருத்தப்படுத்திட்டீங்களா?"

"ஆமா. ஒரு விஷயத்தை அவங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"அப்ப தப்பு உங்க மேலதான். மன்னிப்பு கேளுங்க. மொதல்ல முதுகை நிமித்தி உக்காருங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

எக்கார்ட் ஃபோல்மர்


ரோஸ்டாக்,
6 ஜனவரி 2019

அன்புள்ள திருமதி அல்முட் ஃபோல்மர் அவர்களுக்கு,

என் பெயர் ரோஸ்வித்தா. அந்த டிராம்காரம்மா நான்தான். உடம்பும் மனமும் நன்றாக இருக்கின்றனவா? ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறவர் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார் என்று நினைக்கிறேன். வேகமாகப் படித்தால் நிறுத்தி மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அவரைக் கண்டித்தீர்களாம். நன்றி. அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இருந்தது, இன்னும் முழுவதும் ஆறவில்லை. கிறிஸ்துமஸ் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாத்துக்கறி தின்றேன். உங்களைப் பற்றி என்னிடம் சொல்லாதவர், என்னைப் பற்றி உங்களிடம் வாரம் தவறாமல் சொல்லியிருக்கிறார். என் கணவர் என்னிடம் ஒருநாளும் அப்படி உட்கார்ந்து எதையும் சொன்னதில்லை. இதை நினைத்து நினைத்துத்தான் மனம் இளகியது. இந்த மனிதருக்கு மறைக்கவும் சரியாகத் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், யார் வழியாகவும் இல்லாமல் நானே. ஜூன் 11 முதல் 23 வரை அவர் என்னோடு கப்பலில் வருகிறார். ஜன்னல் வைத்த அறை, இரண்டு கட்டில். அந்த இரண்டு ஞாயிறும் அவர் வரமாட்டார். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் உங்களுக்கு நான் எழுதுகிறேன், அங்கிருக்கும் செவிலியர் படித்துக் காட்டுவார். முப்பதாம் தேதி மூன்று மணிக்கு அவர் வந்துவிடுவார். நீங்கள் சம்மதித்தால் நானும் கூட வருகிறேன்.

நாளைக்கே இது உங்களுக்கு மறந்துபோகலாம். பரவாயில்லை, நான் திரும்பச் சொல்கிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும்.

அன்புடன்,
ரோஸ்வித்தா ஹின்ரிக்ஸ்

எக்கார்ட், இந்தக் கடைசி வரிகள் உனக்கு. நான் இளையவள், நீயும் கேட்கமாட்டாய், அதனால் கேட்காமலேயே "நீ" என்று சொல்லிவிட்டேன். படிவத்தில் என் பெயரை நீயே எழுதி அனுப்பு. இதைத் தாண்டிவிடாதே. அவர்களுக்குக் கேட்கும்படி இதையும் சத்தமாகப் படி.