ஜெபித்த கல்

கொல்லயில்
3-8-1954

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜெயசிங்குக்கு,

இங்கே கொல்லயில் ஊரில் எல்லோரும் சுகம். பட்டணம் போனதும் அக்காவை மறந்துவிட்டாய், இருக்கட்டும். நம் சபையின் புது ஆலயத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. மேலே கான்கிரீட் வார்க்கும் பொறுப்பு உன் அத்தானுக்கு. ஆனால் நம் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லும் இந்த எல்லைப் போராட்டத்தில் ஒருநாள் கடையடைப்பு, மறுநாள் மறியல். தெற்கேயிருந்து சல்லிக்கல் லாரி வருவதே இல்லை. இடித்த பள்ளிக்கூடத்தின் பழைய கான்கிரீட்டை உடைத்து, அந்தக் கல்லிலேயே வார்க்கலாம் என்கிறது கமிட்டி. அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. நீ மராமத்து ஓவர்சியர் அல்லவா? கூடுமா, கூடாதா?

உன் அக்கா
ரத்னபாய்

சென்னை
10-8-1954

அன்புள்ள அக்கா,

மறக்கவில்லை. நீ கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாயைத் தின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

கூடும். ஆனால் பொறுக்கி எடுக்க வேண்டும். செங்கல், சுண்ணாம்புக் கட்டி, பழைய காரை ஒட்டிய துண்டு எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். சுத்தியலால் தட்டி உதிர்வது ஆகாது. தண்ணீரில் போட்டதும் புசுபுசுவென்று குமிழ் விடுவதும் ஆகாது. வெறும் கருங்கல்லை மட்டும் கழுவிச் சேர்க்கட்டும். சோம்பல்பட்டால் கூரை தாங்காது. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி
ஜெயசிங்

கொல்லயில்
12-9-1954

பிரியமான தம்பிக்கு,

நீ சொன்னபடியே பெண்கள் நாங்கள் உட்கார்ந்து பொறுக்கினோம். விரலெல்லாம் புண். ஆலயத்தில் பெண்கள் உட்காரும் பாதிக்கு நல்ல கல் சேர்ந்து, வார்த்தும் ஆயிற்று.

மழை வருமுன் மறுபாதியையும் முடிக்கச் செயலாளர் ஜெயதாஸ் அண்ணாச்சிக்கு அவசரம். கைப்பிடி அரிசி காணிக்கை மாதிரி, வீட்டுக்கு ஒரு கூடை கல் என்று அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன்னால் குவித்து, போதகர் ஜெபித்தார். மறுநாள் அத்தான் காரைத் துண்டுகளை ஒதுக்கத் தொடங்கியதும் ஜெயதாஸ் அண்ணாச்சி பாய்ந்து வந்தார்.

"எலே வேதமணி, ஜெபிச்ச காணிக்கையாக்கும். எடுத்து எறிய நீ ஆரு?"

"அண்ணாச்சி, காணிக்கையைக் குத்தம் சொல்லல்லே. இது வார்ப்புக்குக் கொள்ளாது."

அதுவரை அத்தான் ஒதுக்கியதில் முக்கால்வாசி விதவை சுகிர்தபாய் சுமந்து வந்த கூடை. அவள் அழுத அழுகையில் அத்தான் அதைத் திரும்பக் குவியலிலேயே போட்டுவிட்டார். வேலையை விட்டு விலகிவிடுங்கள் என்றேன். "நான் போனா வேற ஆளு வருவான், சிமெண்டையும் குறைப்பான்" என்று நின்றார். அந்தக் கல்லிலேயே ஆண்கள் பக்கத்தை வார்த்தார்கள். நீ நேரில் வந்து சொன்னால் கேட்பார்கள். வா தம்பி.

அக்கா
ரத்னபாய்

சென்னை
20-9-1954

அன்புள்ள அக்கா,

லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். திருவிதாங்கூர்த் தமிழன் ஊருக்குப் போவதென்றால் போராட்டத்துக்குத்தான் என்று மேலதிகாரி கிழித்துப் போட்டுவிட்டார். ஜெயதாஸ் அண்ணாச்சிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஆண்கள் பக்கத்து வார்ப்பைத் தாங்கி நிற்கும் முட்டுகளை எடுக்கவே கூடாது. உடைத்துத் திரும்ப வார்க்க வேண்டும். இங்கிருந்து வேறு என்ன செய்வேன்?

ஜெயசிங்

கொல்லயில்
24-10-1954

தம்பி,

உன் கடிதத்தைச் சபையிலேயே வாசித்தார்கள். பட்டணத்தில் விசுவாசம் குறைந்துபோகும் என்று அண்ணாச்சி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். முட்டுகளை எடுத்தார்கள். கூரை நின்றது. கைதட்டிப் பாடினார்கள். சுகிர்தபாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் எனக்கக் கல்லையும் தாங்கிட்டார் பாத்தியா மக்கா" என்றாள்.

ஒரு வாரத்தில் விரிசல் கண்டது. ஆண்கள் பக்கம், முன்னால், பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே. அத்தான் கமிட்டியில் சொன்னார். புதுப் பூச்சு அப்படித்தான் வெடிக்கும் என்று சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அண்ணாச்சி மேல் உள்ள பொறாமையில் பேசுகிறார் என்றுகூடச் சொன்னார்கள்.

இப்போது அத்தான் பிள்ளைகளை, சத்தம் போடுகிறார்கள் என்று சாக்குச் சொல்லி, பெண்கள் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் இடத்தில் அவரே உட்காருகிறார். வேறு யாரையும் உட்கார விடுவதில்லை. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார வழக்கம் இல்லை. இன்றும் ஆராதனை முழுவதும், நாங்கள் பொறுக்கிய கல்லுக்குக் கீழே பத்திரமாக இருந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது எல்லாம் சரி. அதை இனி எழுதாதே.

ரத்னபாய்