மைதாப் பசையில் ஒட்டிய யானை

பெயர் சொல்லி நான் ஒருநாளும் அழைத்திராத என் அன்புக்குரியவருக்கு,

ராயபுரம் அப்படியேதான் இருக்கிறது. கண்டெய்னர் லாரிகள் தெருமுனைவரை நிற்கின்றன. காலையில் துடைத்த மேசையில் மதியத்துக்குள் கரி படிகிறது. மறுபடி துடைக்கிறேன்.

போன ஞாயிறு மாதா கோயில் மண்டபத்தில் தபால்தலைக் கண்காட்சி. முதல் பரிசு வழக்கமாக யாருக்கென்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை தலைப்பு விலங்குகள். அதனால் உங்கள் பக்கத்தை வெளியே எடுத்தேன்.

நினைவிருக்கிறதா? துறைமுகத்தில் ஒரு கப்பல்காரர் கொடுத்தார் என்று ஓர் உறை நிறைய வெளிநாட்டுத் தபால்தலைகள் கொண்டுவந்தீர்கள். எல்லாவற்றிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன் மடாலயத் துறவிகள் ஏடுகளில் வரைந்த மிருகங்கள். முள்ளில் திராட்சையைக் குத்திக்கொண்டு போகும் முள்ளெலி, மனித முகத்துடன் சிங்கம், எக்காளம் போன்ற தும்பிக்கையுடன் யானை.

"இன்னா மேரி, யானைக்குக் குதிர காலு கீது! வரைஞ்சவன் யானைய பாத்ததே இல்ல போல. எவனோ சொல்லக் கேட்டு வரைஞ்சிகிறான், பாவம்" என்று சிரித்தீர்கள்.

நான் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள், யூனியன் சுவரொட்டிக்குக் காய்ச்சும் அதே மைதாப் பசையைக் காய்ச்சி, அத்தனையையும் ஆல்பத்தில் ஒட்டிவிட்டீர்கள். எனக்குப் பிறந்தநாள் பரிசாம்! தபால்தலையின் முதுகில் பசை தடவுவார்களா? எங்கள் கான்வென்டில் இப்படிச் செய்தால் வெளியே நிற்க வைப்பார்கள் என்றேன். "நின்னுட்டுப் போறேன்" என்று வாசலில் போய் நின்றீர்கள்.

அப்படி ஒட்டிய பக்கத்துக்குக் கண்காட்சியில் மதிப்பெண் கிடைக்காது. என் தம்பி மகள் ஸ்டெல்லா, "தண்ணில ஊறப் போடுங்க அத்தை, தானா கழண்டு வந்துரும். மாமா கோச்சுக்கவா போறாரு?" என்றாள். சரிதானே? அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றினேன். கடைசியாக ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

யானையின் ஓரத்தில், காய்ந்த பசையில், ஒரு பெருவிரல் ரேகை. அதன் குறுக்கே ஒரு கோடு. கப்பலின் இரும்புக் கயிறு கிழித்து ஆறிய உங்கள் தழும்பு.

கல்லறையில் உங்கள் பெயர் இருக்கிறது. சுவரில் மாட்டிய படத்தில் முகம் இருக்கிறது. உங்கள் கை வேறு எங்கே இருக்கிறது?

தட்டுத் தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன்.

"பரிசு போயிடும் அத்தை."

"போகட்டும்."

என் வாயிலிருந்து அந்தச் சொல் வருமென்று ஸ்டெல்லா எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

பரிசு பெரம்பூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. என் பக்கத்தின் முன் நின்ற நடுவர் முகம் சுளித்தார். "யாரும்மா இத இப்படி ஒட்டினது?"

"என் வீட்டுக்காரர்" என்றேன், நிமிர்ந்து.

அந்தப் பக்கத்தில் தண்ணீர் படாது. எனக்குப் பிறகும் படக்கூடாதென்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் யானையைக் கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறீர்கள். அதை நேரில் வந்து சொல்கிறேன். அதுவரை வாசலிலேயே நில்லுங்கள்.

உங்கள் மனைவி,
மேரி