ஒன்றும் மூன்றும் இடம் மாறிய எண்

விரலில் இன்னும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. கல்லறைத் திருநாளுக்காக நேற்று உன் கல்லறைக்கு வெள்ளையடித்தோம். போன வருஷம் எழுதிய பெயரும் எண்ணும் மறைந்துபோயின. கறுப்புப் பெயிண்டோடு ஆள் வந்து நிற்க, உன் மகள் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"பெரியம்மா, அந்த நம்பர எழுதிக் குடு."

உன் பெயருக்குக் கீழே அந்த எண்ணைப் போடவேண்டும் என்று நீதானே சொல்லிவிட்டுப் போனாய். செத்தும் என் எதிரில் அதைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் உனக்கு.

கடலை மில்லில் நாம் சொத்தைக் கடலை பொறுக்கிய காலம். உன் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை வரவேண்டும். முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த எண் இரண்டாலும், முதல் மூன்று மூன்றாலும், இப்படியே ஒன்பது வரை மிச்சமில்லாமல் வகுபட வேண்டும். சோற்று நேரத்தில் மில்லின் இரும்புக் கதவில், மூட்டைக்குக் குறி போடும் சாக்பீஸால் எழுதி எழுதி அழித்தோம். ஐந்தாவது இடத்தில் ஐந்துதான் வரும் என்று முதலில் சொன்னவள் நான். அதையாவது ஒப்புக்கொள்.

பதினோராம் நாள் 183654729 என்று எழுதினேன். ஆறு வரைக்கும் சரியாக வந்தது. ஏழால் வகுத்தால் ஆறு மிச்சம். எரிச்சலில் அழிக்கப் போனேன். நீ கை கழுவிக்கொண்டே வந்து பார்த்தாய்.

"இரு இரு. ஒன்னையும் மூனையும் இடம் மாத்திப் பாரு."

381654729. ஏழுக்கும் வகுபட்டது, எட்டுக்கும் ஒன்பதுக்கும் வகுபட்டது. மில்லே உன்னைச் சுற்றி நின்றது. மறுவாரம் மேஸ்திரி உன்னை மூட்டைக்கு எண் போடும் வேலைக்கு மாற்றினார். நான் தரையிலேயே உட்கார்ந்து சொத்தை பொறுக்கினேன். இப்படி இன்னொரு எண் இருந்தால் கண்டுபிடித்து உனக்குச் சமமாகியிருப்பேன். உலகத்திலேயே அது ஒன்றுதானாம், வாத்தியார் சொல்லி அனுப்பினார். வயிறு எரிந்தது. உன்னோடு சிரித்துப் பேசிய நாளெல்லாம் எரிந்தது.

அதனால்தான் போன வருஷம் சீட்டில் என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷம் உன் தலைமாட்டில் என் தப்புக் கணக்கு இருந்தது. வல்லம் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு குஷி. இறங்கும்போது வெட்கமாகவும் இருக்கும்.

நேற்று சரியான எண்ணை எழுதினேன். "போன வருஷம் எழுதனது ஒங்கம்மா நம்பர் இல்ல, என்னுது," என்று சொல்லியும்விட்டேன்.

உன் மகள் சீட்டை வாங்கிக்கொண்டாள். "தெரியும் பெரியம்மா. அப்பவே வகுத்துப் பாத்தேன். 'அது ஒம் பெரியம்மா போட்ட நம்பரு, நா ரெண்டு எலக்கத்த மட்டுந்தான் இடம் மாத்துனேன்'னு அம்மா எப்பவும் சொல்லும். அதான் வுட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதிலும் முந்திக்கொண்டாயே, பாவி. நான் ஒருத்தரிடமும் உன்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

பொறாமை தீர்ந்தது என்று எழுத ஆசைதான். திரும்பி வரும்போது பஸ்ஸில், டிக்கெட்டின் பின்பக்கம், என் எண்ணை மறுபடியும் ஏழால் வகுத்துப் பார்த்தேன். ஆறுதான் மிச்சம்.