மாவுக் கையும் திறந்திருந்த மைக்கும்

மார்க்வெட், மிச்சிகன்
பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய வைனோ அவர்களுக்கு, ஹில்யா எழுதுகிறேன்.

உங்கள் ஏரியில் இப்போது பனி எத்தனை அங்குலம் உறைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பதினொரு நாளாக நம் காலை ஏழு மணி ஹாம் ரேடியோச் சுற்றில் உங்கள் குரல் இல்லை. யாரும் காரணம் விசாரிக்கவில்லை. எல்லோர் காதிலும் விழுந்ததுதானே.

அன்று ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அந்தக் கையால் பொத்தானை அழுத்த வேண்டாமே என்று ரேடியோவில் வாக்ஸைப் போட்டிருந்தேன். வாயைத் திறந்தாலே தானாக ஒலிபரப்பிவிடும். என் முறை முடிந்ததும் அணைக்க மறந்துவிட்டேன். நீங்கள், "இருங்க, ஜன்னல்ல தெர்மாமீட்டரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று பொத்தானை விட்டீர்கள். அப்போதுதான் என் அக்கா ஐலா உள்ளே வந்து, "யாருடி இது, இந்த இழு இழுக்கறாரு?" என்றாள். "எங்க வைனோதான். இவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஏரியே உருகிடும்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக உங்களைப் போலவே, "பதி...னேழு... அங்...குலம்" என்று பேசியும் காட்டினேன்.

பிறகு உங்கள் குரல் வந்தது. "ஹில்யா, உன் வாக்ஸ் ஆன்ல இருக்கும்மா. இங்க ஜீரோவுக்கு நாலு டிகிரி கீழ. அவ்வளவுதான்." நீங்கள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றே எழுதியிருக்க வேண்டும். இத்தனை புத்தகம் படித்தும் மன்னிப்புக் கேட்க ஒரு வரி அமையவில்லை. நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

நேற்று கடையில் நம் சுற்றின் ரூத்தைப் பார்த்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு உங்கள் மனைவி இர்மா இருக்கும் பராமரிப்பு இல்லத்தில், அவர் கட்டிலருகே நம் சுற்றைக் கேட்க ஒரு சின்ன ரேடியோ இருக்கிறதாம். "நேர்ல வைனோ வாய் நம்மைவிட வேகம்டி. நிதானமாச் சொன்னாத்தான் இர்மாவுக்குப் புரியும்னுதான் ரேடியோல அப்படி இழுக்கறாரு. இந்தப் பனியில ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவரால அங்க போக முடியுது. மத்த நாளெல்லாம் அவளுக்கு அந்த ஏரி சமாச்சாரம்தான்" என்றார் ரூத்.

வண்டியில் ஏறியதும்தான் உறைத்தது. நான் பேசிக்காட்டியதை இர்மாவும் கேட்டிருப்பார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் எங்கள் குரல்களுக்கு நடுவே உங்களைத் தேடியிருப்பார்.

வாக்ஸை அணைத்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை சுற்றை நடத்துவது என் முறை. உங்களை அழைத்துவிட்டு, பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பேன். என்னை மன்னித்தேன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். நாம் வழக்கமாக வாழ்த்தாகப் போடும் எழுபத்துமூன்றை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது.

பனி எத்தனை அங்குலம் என்று மட்டும் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். இர்மா காத்திருக்கிறார்.

தலைகுனிந்து,
ஹில்யா